ரொறன்ரோவில் பின்வளவு நெருப்பும் பாபிகியூவும்: புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் நாங்கள் குடியிருந்த முதல் இலையுதிர்காலம் அது. பின்வளவு முழுக்க மேப்பிள் இலை குவிந்து கிடந்தது. ஊரில் என்றால் பின்னேரம் கூட்டி, ஒரு மூலையில் குவித்து, கொளுத்திவிட்டுத்தான் கைகால் கழுவப் போவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கொளுத்தினேன். ஈர இலை, அதனால் நெருப்பைவிடப் புகைதான் அதிகம். கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. வந்த அதிகாரி சத்தம் போடவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து முற்றாக அணைக்கச் சொன்னார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்: இலைக் குவியலிலிருந்து இரண்டு முழத்தில் பக்கத்து வீட்டு மர வேலி, வேலியை ஒட்டி மரக் கொட்டில், கொட்டிலிலிருந்து நாலு அடியில் வீட்டுச் சுவர். அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. அந்த நாலு அடியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

யாராவது முதலிலேயே எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது ரொறன்ரோ நகரத்துக்கு. ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ எல்லாம் 1998 முதல் இந்த ஒரே நகரத்துக்குள் அடக்கம். மார்க்கம், ஏஜக்ஸ், பிக்கரிங், பிரம்ப்டன் ஆகியவை வேறு நகராட்சிகள். அங்கே அவரவர் விதி. ஏஜக்ஸில் இருக்கிற மச்சான் பின்வளவில் விறகு மூட்டினான் என்பதற்காக நீங்கள் ஸ்காபரோவில் மூட்ட முடியாது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

ரொறன்ரோவில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவதற்குத் தீயணைப்புச் சேவையின் அனுமதி வேண்டும். வீட்டுப் பின்வளவில் பொழுதுபோக்குக்கு விறகு எரிக்க அந்த அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலை, குப்பை, பழைய மரச்சாமான் எரிப்பது, விறகுக் குவியல், நெருப்புக் குழி, இரும்புத் தொட்டியில் விறகு, மண் பானை போல வயிறு பருத்துக் கழுத்து நீண்ட சிமினியா அடுப்பு எல்லாம் இந்தத் தடைக்குள் வரும். நெருப்பு ஏற்றி வானத்தில் விடும் காகித விளக்கும் அப்படித்தான். நினைவு நாள், பிறந்தநாள் என்று அதை வாங்கிப் பறக்கவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது எந்தக் கூரையில் போய் இறங்கும் என்று விட்டவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பாபிகியூவை அனுமதிப்பது அந்த விலக்குத்தான். ஒன்ராறியோவின் தீப் பாதுகாப்பு விதிக்கோவை, அதாவது ஒழுங்குவிதி 213/07, சமையலுக்கு மூட்டும் சிறிய, அடக்கமான நெருப்பை விட்டுவைக்கிறது. அது கிறிலிலோ பாபிகியூவிலோ இறைச்சியைக் குத்திச் சுடுகிற கம்பியிலோ சமைக்கிற நெருப்பாக இருக்க வேண்டும். சமைக்கிற சாப்பாட்டின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ற நெருப்பாக இருக்க வேண்டும். எரிகிற நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் பாதி விளங்கிவிடும். சமைக்கிற நெருப்புக்கு இடம் உண்டு, சுற்றியிருந்து கதைக்கிற நெருப்புக்கு இடம் இல்லை. பெரிய விறகை அடுக்கி எரித்துவிட்டு, குச்சியில் இரண்டு சொசேஜைக் குத்திக் காட்டி “சமைக்கிறோம்” என்று சொன்னால் அது எடுபடாது. இரண்டு சொசேஜுக்கு அவ்வளவு விறகு தேவையில்லை என்று விதியே சொல்கிறது.

கடைகளில் நெருப்புத் தொட்டி அடுக்கி வைத்து விற்கிறார்களே என்று பலர் கேட்பார்கள். விற்பது சட்டப்படி சரி, ஏனென்றால் நகரத்துக்கு வெளியே வயல், காணி, கொட்டேஜ் வைத்திருப்பவர்களும் அதே கடையில்தான் வாங்குகிறார்கள். வாங்கிக்கொண்டு வந்து ரொறன்ரோவில் விறகு போட்டு எரித்தால்தான் பிழை. புரொப்பேன் அல்லது இயற்கை வாயுவில் எரிகிற நெருப்பு மேசை வேறு கதை. கனடாவில் ஏற்கப்பட்ட சான்று முத்திரை அதில் இருந்து, தயாரித்தவரின் கையேட்டில் சொன்னபடி வைத்துப் பாவித்தால் தடை இல்லை. வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் சிஎஸ்ஏ, யுஎல்சி போன்ற முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இணையத்தில் மலிவாக வருகிற சிலவற்றில் அது இருக்காது.

மீறினால் 1997 ஆம் ஆண்டின் தீத் தடுப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வரலாம். தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பின்வளவு நெருப்புக்கு எல்லாரிடமும் அவ்வளவு அறவிடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் விளையாட்டான காரியமும் இல்லை.

இலைக்கு வழி இதுதான்: கடையில் விற்கிற பெரிய பழுப்புக் கடதாசிப் பைகளில் நிரப்பி, உங்கள் தெருவுக்குத் தோட்டக் கழிவு எடுக்கிற நாளில் வாசலில் வையுங்கள். நகரம் எடுத்துக்கொண்டு போய் உரமாக்கும்.

வாடகைக்கு இருந்தால் முதல் படி

அடுப்பு வாங்கப் போவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்குப் பின்வளவைப் பாவிக்க உரிமை இருக்கிறதா என்பதே ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சட்டம் அனுமதிப்பதையும் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் தடுத்து வைத்திருக்கலாம். வாயால் “ஓம்” என்றால் ஒரு குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாடகையாளர் காப்புறுதி இருந்தால், நெருப்பால் வருகிற சேதம் அதற்குள் வருமா என்று அவர்களையும் ஒரு தடவை கேட்பது நல்லது.

அப்பார்ட்மென்டிலும் கொண்டோவிலும் பல்கனி என்றால் இன்னும் கவனம் வேண்டும். திறந்த பல்கனியில் புரொப்பேன் பாபிகியூ வைப்பதை மாகாண விதி முற்றாகத் தடுக்கவில்லை, நிபந்தனை போடுகிறது. பல்கனி கண்ணாடி போட்டு மூடியதாக இருக்கக் கூடாது. கதவு, யன்னல் போன்ற திறப்புகளிலிருந்து சிலிண்டர் குறைந்தது 1 மீட்டர் தள்ளியும், கட்டடத்துக்குள் காற்று இழுக்கும் துவாரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். சிலிண்டரை மேலே கொண்டுபோகச் சாமான் ஏற்றுகிற லிஃப்டைத்தான் பாவிக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாத கட்டடத்தில் சாதாரண லிஃப்டில் நீங்கள் தனியாகப் போக வேண்டும், வேறு ஆள் ஏறக் கூடாது. மேலதிகச் சிலிண்டரைப் பல்கனியில் அடுக்கி வைக்கக் கூடாது. அடுப்போடு பூட்டியிருப்பது ஒன்றுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், பெரும்பாலான கொண்டோ நிர்வாகங்களும் பல வாடகைக் கட்டடங்களும் பல்கனியில் எரிகிற அடுப்பே கூடாது என்று தங்கள் விதியில் எழுதி வைத்திருக்கின்றன. கடைசியில் நிற்பது அந்த விதிதான். கரி அடுப்பைப் பல்கனியில் நினைத்தும் பார்க்க வேண்டாம். காற்றில் பறக்கிற ஒரு தணல் பொறி கீழ்வீட்டுப் பல்கனியில் காய்கிற துணியில் விழப் போதும். கட்டடம் சம்மதித்தால் மின்சார கிறில்தான் மாடி வீட்டுக்குப் பொருத்தம். மசாலா தடவிய கோழிக்காலை அதிலும் நன்றாகவே சுடலாம், கரி வாசம் மட்டும் வராது.

எங்கே வைப்பது

பின்வளவு வீடு கிடைத்தவர்கள் முதலில் செய்கிற பிழை, அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைப்பது. மழை படாது, குசினிக் கதவுக்குப் பக்கம் என்று அங்கே வைப்பார்கள். இங்கத்தைய வீடுகள் வெளியே செங்கல்லாகத் தெரிந்தாலும் உள்ளே மரச்சட்டம். பல வீடுகளின் மேல் பாதியிலும் புது வீடுகளிலும் வெளிச்சுவரில் இருப்பது வினைல், அதாவது பிளாஸ்டிக் பலகை. அது சுமார் 70 பாகை செல்சியஸிலேயே நெளியத் தொடங்கும். மூடி திறந்த பாபிகியூவின் பின்பக்கத்திலிருந்து வருகிற சூடு அதைவிட எவ்வளவோ கூட. தெருவில் நடக்கும்போது சில வீட்டுப் பின்சுவர்களைப் பாருங்கள். மெழுகு உருகி வடிந்ததுபோல வளைந்த இடம் ஒன்று தெரியும். அந்த இடத்தில் ஒரு காலம் பாபிகியூ நின்றிருக்கிறது.

எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது உங்கள் அடுப்பின் கையேட்டில் எழுதியிருக்கும். அதற்குக் குறையக் கூடாது. நான் அதை மிகக் குறைந்த அளவாகத்தான் எடுக்கிறேன். இடம் இருக்கிற வீட்டில் சுவர், வேலி, மரம் எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்வேன். சீடர் வேலிச்செடி இருந்தால் இன்னும் தள்ளுங்கள். அது பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்த இலை அடைத்திருக்கும், பிடித்தால் மளமளவென்று ஏறும். கீழே சீமெந்து, கல் போன்ற எரியாத தரை வேண்டும். மர டெக்கில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் எரியாத பாய் விரியுங்கள், கரி அடுப்பை அங்கே வேண்டாம். மேலே ஓட்டுத் தாழ்வாரம், கசீபோ, பிளாஸ்டிக் கூடாரம் எதுவும் இருக்கக் கூடாது. மழை வந்தால் சமையலை நிறுத்துவதுதான் சரி. அடுப்பை உள்ளே இழுக்கக் கூடாது.

ஒட்டு வீடும் டவுன்ஹவுஸும் என்றால் சுவர் உங்களுடையது மட்டும் அல்ல. புகை நேரே பக்கத்து வீட்டுப் படுக்கையறை யன்னலுக்குப் போகும். மூட்டுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். நாங்கள் மீன் சுடுகிற நாளில் பக்கத்து வீட்டுக்கு முதலே சொல்லிவிடுவோம், அவர்கள் உடுப்பை உள்ளே எடுத்துவிடுவார்கள். 2023 ஜூனில் வடக்குக் காட்டுத்தீயின் புகை நகரத்தை மூடியபோது வெளியே நிற்கவே முடியவில்லை. அப்படிக் காற்றுத் தர எச்சரிக்கை இருக்கிற நாளில் அடுப்பை மூட்டாமல் விடுங்கள், ஆஸ்துமாக்காரர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

புரொப்பேன் சிலிண்டர்

சாதாரணமாக எல்லாரும் வாங்குவது 20 இறாத்தல் சிலிண்டர். வாங்கும்போது கைப்பிடி வளையத்தில் குத்தியிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். கனடாவில் அந்தத் திகதியிலிருந்து 10 ஆண்டு வரைதான் நிரப்புவார்கள். பழைய பாபிகியூவோடு சும்மா கிடைக்கிற சிலிண்டர் பல நேரம் திகதி கடந்ததாக இருக்கும். நிரப்பும்போது 80 சதவீதத்தோடு நிறுத்துவார்கள். சூட்டில் விரிவதற்கு மிச்ச இடம் வேண்டும், ஆகவே குறைவாக நிரப்பித் தந்தார்கள் என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

காரில் கொண்டுவரும்போது நிமிர்த்தி வைத்து, உருளாமல் கட்டி, யன்னலைக் கொஞ்சம் திறந்து, நேரே வீட்டுக்கு வாருங்கள். வெயிலில் காரை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கப் போகக் கூடாது. வீட்டில் அதன் இடம் வெளியேதான். கராஜ், பேஸ்மென்ட், கொட்டில் எதற்குள்ளும் வைக்கக் கூடாது, வெறும் சிலிண்டராக இருந்தாலும்தான். புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். பேஸ்மென்ட் என்பது ஒரு பெரிய பள்ளம், வீட்டைச் சூடாக்குகிற இயந்திரமும் (சூடாக்கி) பெரும்பாலும் அங்கேதான் எரிகிறது.

ஒவ்வொரு கோடை தொடக்கத்திலும், சிலிண்டர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கசிவு பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு தூரிகையால் இணைப்பிலும் குழாய் நெடுகவும் தடவுங்கள். அடுப்பின் குமிழ்கள் மூடியபடி இருக்க, சிலிண்டர் வால்வை மட்டும் மெதுவாகத் திறவுங்கள். நுரை குமிழி விட்டால் கசிகிறது. உடனே மூடி, இறுக்கி, திரும்பவும் தடவுங்கள். இன்னும் குமிழி வந்தால் அந்த அடுப்பை அன்றைக்குப் பாவிக்க வேண்டாம். நெருப்புக்குச்சி பிடித்துக் கசிவு தேடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, நான் நேரில் பார்க்கும்வரை நம்பாதது: சிலந்தி. பனிக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த அடுப்பில், வாயு போகிற குழல்களுக்குள் சிலந்தி புகுந்து வலை பின்னிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வாயு முன்னே போக முடியாமல் பின்பக்கமாக வழிந்து குமிழ்களுக்குக் கீழே தீப்பிடிக்கும். கோடையில் முதல் தடவை மூட்டுவதற்கு முன் குழல்களைக் கழற்றி, நீளத் தூரிகை விட்டு இழுங்கள். என் அடுப்பில் ஒரு தடவை சாம்பல் நிறப் பஞ்சுபோல ஒரு உருண்டை வந்து விழுந்தது, ஒரு பெருவிரல் நீளம். நீலச் சுவாலை எரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால், அங்கேதான் முதலில் பாருங்கள்.

மூட்டும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடிய மூடிக்குள் வாயு நிறைந்த பிறகு பொறி விட்டால் முகத்தில் அடிக்கும். ஒரு தடவையில் பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் விலகி நில்லுங்கள். சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் இருப்பது எரிந்து தீர்ந்த பின் குமிழை மூடுங்கள். வீட்டு இயற்கை வாயுக் குழாயோடு பாபிகியூவை இணைக்க ஆசை என்றால் உரிமம் உள்ள வாயுத் தொழில்நுட்பரைத்தான் கூப்பிட வேண்டும். கைவேலை தெரிந்த உறவுக்காரர் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காலிச் சிலிண்டர், முகாம் அடுப்புக்கு வருகிற சின்னப் புரொப்பேன் குப்பி எதையும் குப்பைத் தொட்டியிலோ மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியிலோ போடக் கூடாது. குப்பை வண்டி அமுக்கும்போது வெடிக்கும், வண்டியில் வேலை செய்கிறவருக்குத்தான் அந்த ஆபத்து. நகரத்தின் கழிவு ஒப்படைப்பு நிலையங்களில் எடுத்துக்கொள்வார்கள், ஸ்காபரோவிலும் ஒன்று இருக்கிறது.

கரியும் சாம்பலும்

கரி அடுப்பில் சுட்ட ஆட்டிறைச்சிக்கு ஈடு இல்லை, அதை நான் மறுக்க மாட்டேன். சிரட்டைக் கரி இங்கே கடைகளில் கிடைக்கிறது, நல்ல தணல் தரும். மூட்டுவதற்குக் கரி அடுக்குகிற இரும்புக் குழல் ஒன்றை வாங்குங்கள். அடியில் கசக்கிய பேப்பரைக் கொளுத்தினால் இருபது நிமிடத்தில் சாம்பல் பூத்த தணல் தயார். பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றக் கூடாது. மூட்டுகிற திரவம் பாவித்தாலும், எரிகிற கரியில் இரண்டாம் தடவை ஊற்றவே கூடாது. சுவாலை திரவம் விழுகிற கோட்டில் ஏறிப் போத்தலுக்கு வரும்.

சாம்பல்தான் ஏமாற்றுகிற பொருள். மேலே வெள்ளைச் சாம்பல் ஆறிக் கிடக்கும். உள்ளே கைவிட்டுக் கிளறினால் மறுநாளும் சிவப்பாகத் தணல் கண் விழிக்கும். மூடி உள்ள இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, திரும்பவும் ஊற்றி, சீமெந்துத் தரையில் வீட்டை விட்டுத் தள்ளி இரண்டு நாள் வையுங்கள். பிறகுதான் பையில் கட்டிக் குப்பைக்கு. நகரம் தருகிற குப்பைத் தொட்டிகள் பிளாஸ்டிக், அவற்றைக் கராஜ் சுவரோடு சாய்த்து வைக்கிறோம். இரவு பத்து மணிக்குப் போட்ட சாம்பல், எல்லாரும் நித்திரையான பிறகு வேலையைத் தொடங்கும்.

பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு

தொம்சன் மெமோரியல், மோர்னிங்சைட், மில்லிகன் போன்ற பூங்காக்களில் கோடைச் சனி ஞாயிறு என்றால் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல்தான். 25 பேருக்கு மேல் என்றால் நகரத்திடம் பிக்னிக் அனுமதி எடுக்க வேண்டும். நல்ல இடங்கள் பனி கரையும் முன்பே போய்விடும். அடுப்பு மூட்ட ஒதுக்கிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள். மிச்சத் தணலை அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள், மரத்தடியில் கொட்டினால் வேர் வெந்து மரம் சாகும். பின்னால் அந்தப் புல்லில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுவார்கள்.

விறகு நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. அதற்கு வழி இல்லாமல் இல்லை. டஃப்ரின் குரோவ் போன்ற சில நகரப் பூங்காக்களில் அனுமதி எடுத்து நெருப்பு மூட்ட இடம் இருக்கிறது. கோடையில் ஒரு இரவு தங்கலாம் என்றால் கிழக்கே டார்லிங்டன் மாகாணப் பூங்கா இருக்கிறது. முகாம் இடத்தோடு நெருப்புக் குழியும் தருவார்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாமல் அங்கேயே வாங்குங்கள். விறகுக்குள் ஒளிந்து போகிற வண்டு ஒன்று ஒன்ராறியோவின் ஆஷ் (ash) என்ற வகை மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது.

பட்டாசுக்கு வேறு சட்டம். விக்டோரியா நாள், கனடா நாள் தவிர்ந்த நாள்களில், தீபாவளி உட்பட, வீட்டில் பட்டாசு கொளுத்த அனுமதி வேண்டும்.

பிடித்துவிட்டால்

கொழுப்பு வடிந்து அடுப்புக்குள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எரிகிற கொழுப்பு தெறித்து நாலு பக்கமும் போகும். மூடியை மூடுங்கள், குமிழ்களை மூடுங்கள், கை எட்டுமானால் சிலிண்டரையும் மூடுங்கள். சின்னத் தீயில் அப்பச்சோடாவோ மணலோ கொட்டலாம். சிலிண்டர் பக்கம் நெருப்பு என்றால் ஒன்றையும் தொடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு முன்வாசலால் தெருவுக்குப் போய் 911 அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் “தமிழ்” என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள். அவசரம் இல்லாத கேள்விக்கு, உதாரணமாக ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி எப்படிக் கேட்பது என்பதற்கு, 311. அங்கேயும் தமிழில் பேச வசதி உண்டு.

பனிக்காலமும் பொங்கலும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. ஸ்காபரோவில் பல தெருக்கள் நாள்கணக்காக இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. குளிர் தாங்காமல் சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் எடுத்து வந்தார்கள். கரி எரியும்போது கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலையிடி, ஓங்காளம், அசதி என்று தொடங்கும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுப்பவர் எழும்பாமலே போகலாம். கரியோ புரொப்பேனோ, கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்தாலும், யன்னலைத் திறந்து வைத்தாலும், உள்ளே எரிக்கவே கூடாது. வாயு சூடாக்கி, நெருப்பிடம், வீட்டோடு ஒட்டிய கராஜ் இவற்றில் ஒன்று இருந்தால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் சட்டப்படி வேண்டும். 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். வாடகை வீடு என்றால் அதைப் பூட்டித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தைப்பொங்கல் இங்கே உறைகுளிரில் வருகிறது. முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் பொங்கினால்தான் பொங்கல் என்று அம்மம்மாக்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அந்தப் புகை மணம் இல்லாத பொங்கலை நானும் முழுப் பொங்கலாக உணர்வதில்லை. ஆனால் திறந்த விறகு நெருப்புக்கு விதியில் நீங்கள் நம்பிப் பிடிக்கக்கூடிய இடம் இல்லை. கோயில், சங்கம் போன்றவை பொதுவாகச் செய்ய விரும்பினால் தீயணைப்புச் சேவையிடம் நேரத்தோடு விண்ணப்பிக்கட்டும். கொடுப்பதும் மறுப்பதும் தலைமைத் தீயணைப்பு அதிகாரியின் கையில். வீட்டில் செய்பவர்களுக்கு வெளியில் பாவிக்கச் சான்று பெற்ற ஒற்றைப் புரொப்பேன் அடுப்புப் போதும்.

பனியைச் சீமெந்து தெரியும்வரை வழித்து, உப்புப் போட்டு, வழுக்காமல் பார்த்து, அடுப்பை மட்டமாக வையுங்கள். மிதித்த பனியின் மேல் வைத்தால் சூட்டில் இளகி ஒரு கால் இறங்கும், பானை சரியும். கோலத்தை அடுப்புக்கு முன்னால் தள்ளிப் போடுங்கள், பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். சேலைத் தலைப்பு, வேட்டி, சால்வை, நைலோன் குளிர்ச்சட்டை நான்கும் நெருப்புக்கு ஆகாதவை. கிளறுகிறவர் தலைப்பைச் செருகிக்கொள்ளட்டும். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேன் சுமார் −42 பாகை செல்சியஸ் வரை வாயுவாக மாறும், ஆகவே எங்கள் குளிரில் அடுப்பு எரியும். ஆனால் அமுக்கம் குறைந்து சுவாலை சின்னதாகும். அதற்காகச் சிலிண்டருக்குச் சுடுதண்ணீர் ஊற்றவோ பக்கத்தில் ஹீட்டர் வைக்கவோ கூடாது. முழுச் சிலிண்டரோடு தொடங்குங்கள், பானைக்கு மூடி போட்டுப் பாலைச் சூடாக்குங்கள், காற்று அடிக்கிற பக்கம் ஒருவர் நின்று மறைக்கட்டும்.

பால் பொங்கி வழிகிற நேரம் எல்லாரும் “பொங்கலோ பொங்கல்” என்று பானையையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். வழிகிற பால் சுவாலையை அணைத்துவிடும், வாயு மட்டும் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் அணைந்தது தெரியாது. அணைந்தால் வால்வை மூடி, ஐந்து நிமிடம் விட்டு, பால் ஒட்டிய எரிவாயைத் துடைத்துவிட்டுத் திரும்ப மூட்டுங்கள். அரிசி போடுவது அதற்குப் பிறகு.